ஊமைக்குழி

வேட்டு எண்ணுவது என் வேலை.
சம்பளப் பதிவேட்டில் ‘உதவியாள்’ என்றிருக்கும்.
சாயங்காலம் திரி கொளுத்தியதும்
சிவப்புத் துணியோடு புளியமரத்தின் பின்னால் குந்தி
விரல் மடக்குவேன்.
எத்தனை குழி நிரப்பினோமோ
அத்தனை சத்தம் வரவேண்டும்.
ஒன்று குறைந்தால்
கல்லுக்குள் ஒன்று விழித்திருக்கிறது.

முதலில் அது குவாரி இல்லை, கரடு.
கூகைக்கரடு என்று பேர்.
வேப்பனப்பள்ளி சாலையில் பஸ் திரும்பும்போது
ஜன்னல் முழுக்க அதுதான்.
குத்தகைக் காகிதத்தில் பேரில்லை, புல எண் மட்டும்.
முதல் வருஷம் உச்சியிலிருந்த விளக்குக்கல் போனது.
மூன்றாம் வருஷம் ஜன்னலில் வானம் வந்தது.
ஏழாம் வருஷம் தரைமட்டம்.
அதற்கப்புறமும் கல் நன்றாயிருந்ததால்
கீழே போனோம்.
பெங்களூர் சமையல் மேடைகளுக்கும்
கடல் தாண்டி யார் யாருடைய கல்லறைகளுக்கும்
மயிர்க்கீறல் இல்லாத கறுப்பு.

என் அப்பா தங்கவயலில் இருந்தவர்.
பூமிக்குள் மைல் கணக்கில் இறங்கி
ஒரு காதை அங்கேயே விட்டுவிட்டு ஏறி வந்தவர்.
‘உனக்கென்னடா, வானம் தெரியிற சுரங்கம்’ என்பார்.
தெரிந்தது.
நூற்றிருபது அடிக்கு மேலே
ஒரு சோற்றுத் தட்டளவு.

அன்றைக்குப் பதினெட்டுக் குழி.
துளை போட்டது திம்மராயன்.
மருந்து திணித்தது கொடியப்பன்.
தண்ணீர் ஊற்றியது ஒடிசாப் பையன் ரங்காதர்,
எங்களுக்கு ரங்கா.
மழை வரும்போல இருந்தது.
வலது கை ஐந்து, இடது கை ஐந்து,
மறுபடி வலது ஐந்து,
அப்புறம் இடதில் கட்டைவிரல், ஆள்காட்டி.
நடுவிரல்
நீட்டியபடியே நின்றது.

பதினேழு என்றேன்.
ஃபோர்மேன் நரசிம்மராஜு
காதிலிருந்து போனை எடுக்காமல்
‘ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும்’ என்றார்.
சேர்ந்து வெடித்தால் நெஞ்சில் ஒரு குத்து கூடுதலாய் விழும்.
விழவில்லை.
மறுநாள் லாரி வருகிறது, துறைமுகத்துக்கு ஏழு கட்டி.
‘பதினெட்டுன்னு போடுப்பா.’
ஏழின் காலை வளைத்து
எட்டாக்கினேன்.

காலை ஏழு ஐம்பதுக்கு
திம்மராயன் பழைய துளைக்கு ஒரு முழம் தள்ளி
ஜாக்ஹாமரை ஊன்றினான்.
நான் மேலே டீசல் கேனோடு நின்றேன்.

பதினெட்டாவது வந்தது.

அதற்குப் பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டேயிருந்தது,
பிடிக்க ஆளில்லாத குழாய்க்குக்
காற்று அனுப்பிக்கொண்டு.
திம்மராயன், கொடியப்பன், ரங்கா,
பாறை புரட்ட வந்த மாதப்பன், அவன் மச்சான் பசவராஜ்.
ஐந்து பேர். ஒரு கை.
கல் தூக்குகிற அதே சங்கிலியில்தான் மேலே ஏற்றினோம்.

ரங்காவின் அப்பா இரண்டு ராத்திரி ரயிலில் வந்தார்.
பேச பாஷையில்லை.
பத்து விரலையும் காட்டி, மூடி,
மறுபடி ஒன்பது காட்டினார்.
மகனின் வயசு.
அதையும் நான் எண்ணினேன்.

விசாரணையில் பதிவேட்டைப் பிரித்தார்கள்.
மழைக்காலம், இடி இறங்கியிருக்கலாம் என்றார் வக்கீல்.
அதிகாரி என்னைப் பார்த்து,
‘எண்ணினது நீதானே?’
‘ஆமாங்க.’
அது உண்மை.
அதோடு அவர் பேனாவை மூடிவிட்டார்.

இப்போது குழி நிறையத் தண்ணீர்.
பஞ்சாயத்தில் மீன் குத்தகை விட்டிருக்கிறார்கள்.
கெண்டை நன்றாய் வளர்கிறதாம், நான் வாங்குவதில்லை.

மாரியம்மன் பண்டிகைக்கு
அதிர்வேட்டு இருபத்தொன்று என்று நோட்டீஸ்.
எண்ணக்கூடாது என்றுதான் உட்காருவேன்.
விரல் தானாய் மடங்கும்.
போன வருஷம் இருபது.
கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன்:
‘ஒண்ணு பாக்கி, கிட்ட போகாதீங்க!’
வேட்டுக்காரர் சிரித்தார்.
வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றும்வரை
அவர் சட்டையை நான் விடவில்லை.
பிறகு கவிழ்த்துப் பார்த்தார்கள்.
மருந்தே போடாத வெறும் குழாய்.
யாரோ மறந்திருக்கிறார்கள்.

‘பைத்தியம்’ என்று ஒரு குரல்.
இருக்கட்டும்.
வீட்டுக்கு வந்து
அன்றைய காலண்டர் தாளில்
இருபது என்று எழுதிவைத்தேன்.